கண்ணாடிக்குக் கீழே எழுந்த முடி

ஆரோக்கியம் மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி எனக்குப் பாசாரில் கிடைத்தது. ஒரு திருக்கை மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, மீன்காரரிடம் விலைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நம் பள்ளி பியூன் மாரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஐயா, நிபோங் திபால்லேருந்து தந்தி வந்திருக்கு. நம்ம சயன்ஸ் மாஸ்டர் நேத்து தவறிட்டாராம்" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். சில நாள் முன்புதான் அவர் மகன் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தீபாவளிக்குப் பினாங்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறுகிற மனிதரா அவர்?

"எந்நேரம்?" என்று கேட்டேன்.

"உச்சிவேளையாம் ஐயா. சாப்பிட உக்காந்தவர் அப்படியே சாஞ்சிட்டாராம்."

அத்தனை இரைச்சலுக்கு நடுவில் என் கை மயிர் சிலிர்த்து நின்றது. ஏன் என்று அவரிடம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள்தானே அவருக்கு உச்சிவேளை மாஸ்டர் என்று பெயர் வைத்தவர்கள். அவருக்கு அது தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது.

பினாங்கில் மின்சாரப் பாடம் நடத்துவது லேசான காரியமில்லை. தெருவிளக்கை எரிக்கிற மின்சாரத்தைச் சொல்லவில்லை. கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்தால் காகிதத் துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளுமே, அந்த மின்சாரம். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் உலர்ந்த காற்றில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள். நம் ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். தேய்த்துச் சேர்த்த சார்ஜெல்லாம் அந்த ஈரத்தோடு ஒழுகி ஓடிவிடும். கோல் வெறும் கோலாகக் கையில் இருக்கும். மற்றவர்கள் கரும்பலகையில் படம் போட்டுப் பாடத்தை முடித்துவிடுவார்கள். மாஸ்டர் அப்படிச் செய்ய மாட்டார். வருஷம் பூராவும் காத்திருந்து, தையும் மாசியும் வந்து மழை ஓய்ந்து, வெயில் நடுவானத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்துத்தான் அந்தப் பாடத்தை எடுப்பார். மற்ற வகுப்புகள் சாப்பிடப் போயிருக்கும். அவர் வகுப்பு மட்டும் கடற்காற்று வராமல் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோல்களையும் பட்டுத் துணியையும் கரியடுப்பின் மேல் காய வைத்திருப்பார்.

உச்சிவேளையில் பிள்ளைகளை வெளியே விடாத ஜனங்கள் நாம். முனி நடக்கிற நேரம், காத்துக் கருப்பு அடிக்கிற நேரம். அந்த நேரத்தில் இருட்டு அறையில் வைத்து ஒரு மனிதர் பிள்ளைகளின் தலைமுடியை நட்டுக்க நிற்க வைக்கிறார் என்றால் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? வரிசையாக வந்து பெரிய வாத்தியாரிடம் முறையிட்டார்கள். அவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, நேரத்தை மாற்றக்கூடாதா என்று கேட்டார். "பேயை மாத்தச் சொல்லுங்க சார், நான் மாத்த முடியாதுலா" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வந்துவிட்டார்.

ஒருமுறை நானும் அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து வகுப்பு, தமிழும் கணக்கும். ஒரு கொக்கியிலிருந்து இரண்டு பட்டு நூல்களில் இரண்டு நெட்டிப் பந்துகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சமர்த்தாகத் தொங்கின. தேய்த்த கோலால் இரண்டையும் தொட்டார். மெதுவாக விலகின. விலகி, அப்படியே நின்றன. நூல்கள் சாய்ந்திருக்க, நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தை இரண்டும் இரண்டு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றன. பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், நடுவுல யாரு சார் இருக்கா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டரும் சிரிக்கவில்லை. "ஒரே ரகம் சார்ஜ் ரெண்டுலயும் ஏறியிருக்கு. ஒரே ரகம் தள்ளும், வேற வேற ரகம் இழுக்கும். தூரத்தை ரெட்டிப்பாக்கினா தள்ளுறது நாலுல ஒரு பங்கா குறையும். இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நடுவுல என்ன இருக்குன்னு கேட்டே பாரு, அது எனக்குத் தெரியாது. நீ பார்த்ததை எழுது. பார்க்காததை எழுதாதே." பார்த்ததைச் சொல் என்பது அவருக்கு மந்திரம் மாதிரி. நம்மில் பலர் அதற்காக அவரிடம் குட்டு வாங்கியிருக்கிறோம்.

அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுவல்ல. இதுவரை என் குடும்பத்தோடு நின்றுபோன ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லலாம் என்று என் தங்கை அனுமதி கொடுத்துவிட்டாள்.

என் தங்கை லோகாம்பாள் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அவர்களுடைய மூத்த பிள்ளை வேலு, தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டு பிறந்தவன். பிறந்த முடியை இறக்காமல் வளர்த்து, அவனுக்கு நாலு வயது ஆகும்போது தைப்பூசத்தில் கொடுப்பதாக நேர்த்தி. முடி தோளுக்குக் கீழே இறங்கி, பார்க்கிறவர்கள் பெண்பிள்ளை என்று ஏமாறுவார்கள். அந்தப் பூசம் வருவதற்குள், ஒரு மார்கழியில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன் லோகா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "முடி சாமியோடது. மண்ணுக்குள்ள போகக்கூடாது" என்று சொல்லி, தன் கையாலேயே கத்தரித்து வைத்துக்கொண்டாள். அவள் அப்போது அழவில்லை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலையேறக் கூடாது. அதுவரை முடியைப் பூச்சி அரிக்காமல் வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அதைப் படச்சட்டம் போடுகிற கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ஆழமான சட்டமாகப் பார்த்து, அட்டையின் மேல் முடியைப் பரப்பி, மேலே கண்ணாடி வைத்து, ஓரமெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்துக் கொடுத்தார். கண்ணாடிக்கும் முடிக்கும் நடுவே விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. நல்ல வேலைக்காரர், குறை சொல்ல மாட்டேன்.

ஒரு வருஷம் கழிந்து தை வந்தபோது லோகா மறுபடி கர்ப்பமாக இருந்தாள். உடம்பு தேறட்டும் என்று அவளைப் பினாங்கில், டத்தோ கெராமாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். சட்டமும் கூடவே வந்தது. பூசத்துக்குச் சில நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோயிலுக்குக் கொண்டுபோகுமுன் துடைத்து வைக்கலாம் என்று அவள் அதை எடுத்து, ஒரு பழைய பட்டுப்புடவையின் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். "அண்ணே" என்று கூப்பிட்டாள். உரக்கக் கூப்பிட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்கிற குரலில் கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே முடி எழுந்துகொண்டிருந்தது. ஒன்று, பிறகு பக்கத்தில் இன்னொன்று, பிறகு கொத்தாக. நுனிகளெல்லாம் மேலே வளைந்து, அவள் விரல் இருந்த இடத்தைத் தேடின. அவள் கையை இடப்பக்கம் நகர்த்தித் துடைத்தாள். எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தன. வலப்பக்கம் வந்தாள், எல்லாம் கூடவே வந்தன.

"தூங்கி எழுந்தான்னா இப்படித்தான் நிக்கும் அண்ணே, அவன் முடி" என்றாள்.

அது என்ன என்று எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் வருஷா வருஷம் அந்தப் பாடத்தைக் கேட்டவன் நான். தெரிந்தும் நான் ஓரடி பின்னுக்கு வந்தேன்.

பூசம் வந்தது, காவடிகள் எல்லாம் எங்கள் தெரு வழியாகப் போயின. லோகா சட்டத்தைக் கொடுக்கவில்லை. "கையைத் தேடுறான். எப்படிக் குடுக்கறது?" என்றாள். தினமும் உச்சிவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பாள். அந்த நேரத்தில்தான் முடி நன்றாக எழுகிறது என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். மத்தியானச் சோறு நின்றது. பிறகு ராத்திரிச் சோறும் பேருக்குத்தான். சேதி கேட்டு அவள் மாமியார் கப்பலேறி வந்தாள். பார்த்துவிட்டுக் கதவருகே நின்றபடியே, "சாமி தன்னோடதைக் கேக்குது. குடுக்கலேன்னா வயித்துல இருக்கறதை எடுத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு லோகா சாப்பாட்டையே தொடவில்லை. முகத்தில் எலும்பு தெரிந்தது. பார்க்க வந்த மருத்துவச்சி என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் இரண்டு உயிரும் தங்காது என்றாள்.

நான் மாஸ்டரிடம் ஓடினேன். "வந்து இது என்னன்னு அவளுக்குப் புரிய வைங்க" என்றேன். வந்தார். கெட்டி ரப்பரில் செய்த கறுப்புக் கோலையும் ஒரு கம்பளித் துண்டையும் கொண்டு வந்திருந்தார். கண்ணாடிக் கோல் ஈரத்துக்குச் சட்டென்று ஏமாற்றிவிடும், கறுப்புக் கோல் நம்பகமானது என்று எடுத்து வந்தாராம். எத்தனையோ முறை யோசித்துத்தான் எதையும் செய்கிற மனிதர். அந்தக் கோலைத்தான் எடுத்து வர வேண்டுமா!

முதலில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டினார். பொறுமையாக எல்லாம் சொன்னார். "புரியுதா தங்கச்சி?" என்றார். "புரியுது மாஸ்டர்" என்றாள் லோகா. நிஜமாகவே புரிந்துதான் இருந்தது. பிறகு அவளைக் கண்ணாடியைத் தேய்க்கச் சொன்னார். முடி எழுந்தது. "இப்ப பாருங்க, என் கோலுக்கும் வரும். யாரு கோலா இருந்தாலும் வரும்" என்று சொல்லி, கம்பளியில் பரபரவென்று தேய்த்துக் கோலைக் கண்ணாடிக்கு மேலே கொண்டுபோனார்.

முடி பின்வாங்கிற்று. எழுந்து நின்றதெல்லாம் சுருண்டு அட்டையோடு படுத்துக்கொண்டது. கோலை எடுத்தார், எழுந்து அவள் விரலிடம் வந்தது. மறுபடி கோலைக் காட்டினார். மறுபடி பதுங்கிற்று. அறையில் நாங்கள் மூன்று பேரும் என் மனைவியும்.

லோகா சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "வேலுவுக்கு வேத்து ஆளுன்னா ஆகாது மாஸ்டர். தூக்க வந்தாலே என் தோள்ல மூஞ்சியை ஒளிச்சுக்குவான்" என்றாள். "கோவிச்சுக்காதீங்க."

மாஸ்டர் கோலைக் கீழே வைத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினார். "கண்ணாடியில ஒரு ரகம் சார்ஜ். அது கூப்பிட்டதால முடியில மறு ரகம் ஏறியிருக்கு. என் கோல்லயும் அதே மறு ரகம். ஒரே ரகம் தள்ளிக்கிச்சு. பட்டுல தேய்ச்ச கண்ணாடிக் கோலைக் கொண்டாந்திருந்தா ஓடி வந்திருக்கும், சிவம். எல்லாம் விதிப்படிதான் நடந்தது." தெருமுனை வந்ததும், "ஆனா உள்ளே நிக்கறப்ப, அது என்னைப் பார்த்துப் பயந்துக்கிட்ட மாதிரிதான் எனக்கும் இருந்துச்சு" என்றார். கோலைக் கம்பளித் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானமே வந்தார். இம்முறை கோல் இல்லை, தூக்குச்சட்டியில் தன் சாப்பாடு மட்டும். இரவெல்லாம் யோசித்திருக்கிறார். அவரைப் பயமுறுத்தியது முடி எழுவது அல்ல. எழாமல் போகப்போகிற நாள். மழைக்காற்று திரும்பியதும் கண்ணாடியில் சார்ஜ் நிற்காது. அன்றைக்கு அவள் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாள். "அன்னைக்கு அவ இன்னொரு தடவை பிள்ளையைப் பறிகொடுப்பா, சிவம். அந்த உடம்பு அதைத் தாங்காது" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். "தங்கச்சி, முடி எழுறது நிக்கப் போகுது. மழைக் காத்து வந்தா நின்னுடும். அவன் கோவிச்சுக்கிட்டான்னோ, நீங்க தப்புப் பண்ணினீங்கன்னோ நினைக்கக் கூடாது. நிக்கறதுக்கு முன்னாடி நீங்களே குடுத்துடறது நல்லது."

லோகா சட்டத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "குடுக்க மாட்டேன். நிக்கறதை நான் பார்க்கணும்" என்றாள். "அன்னைக்கு நீங்க வருவீங்களா?"

"வருவேன். அதுவரைக்கும் நீங்க சாப்பிடணும்."

அப்படி ஓர் உடன்படிக்கை ஆயிற்று. மத்தியானம் மணி அடித்ததும் வேகாத வெயிலில் நடந்து வருவார். முதலில் சோறு, பிறகுதான் சட்டம். அவர் சாப்பிடுவதை அவள் பார்க்க, அவள் சாப்பிடுவதை அவர் பார்க்க, இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பிறகு அவள் தேய்ப்பாள், முடி எழும், அவர் எட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தில் என்னால் இருக்க முடியாது, வாசலுக்கு வந்துவிடுவேன். அந்த அறையில் எப்போதும் ஓர் ஆள் கூடுதலாக இருந்தது போலவே இருக்கும். அந்த வருஷம் பள்ளியில் உச்சிவேளைப் பாடம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்ட பிள்ளைகளில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இதுதான் காரணம்.

பங்குனியில் ஒருநாள் காலையிலிருந்தே குன்றின் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு வேளைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் வகுப்பை நடுவில் விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு குடையோடு வந்து சேர்ந்தார், முழங்கால்வரை நனைந்திருந்தார். லோகா அவருக்காகக் காத்திருந்தாள். சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.

பட்டு கண்ணாடியில் வழுக்காமல் ஒட்டி ஒட்டி இழுத்தது. முடி அட்டையில் கிடந்தது. வேகமாகத் தேய்த்தாள், அழுத்தித் தேய்த்தாள், கை மாற்றித் தேய்த்தாள். கிடந்தது கிடந்தபடியே இருந்தது. "தேய்ங்க தங்கச்சி. உங்களுக்குப் போதும்கிற வரைக்கும் தேய்ங்க" என்றார் மாஸ்டர். எனக்கு அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, சாக்கடையில் மழைத்தண்ணீர் சுழித்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் துணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை, மழைதான்.

"போதும்" என்றாள் லோகா. பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்து, "அண்ணி, சோறு போடுங்க. மாஸ்டருக்கும் போடுங்க" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் தண்ணீர்மலைக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். கூடவே வந்த மாஸ்டர் கிறிஸ்தவ வேதக்காரர், உள்ளே வரவில்லை. எல்லாருடைய செருப்புகளுக்கும் காவலாக அடிவாரத்தில் நின்றார். ஆனியில் லோகாவுக்குப் பெண் பிறந்தது. சண்டைக்காரி, நன்றாக இருக்கிறாள்.

போன வாரம் நிபோங் திபாலில் பார்த்தபோது, மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகன் தோட்டத்து ஆபீஸுக்குப் போயிருந்தான். சுற்றிலும் ரப்பர் மரங்கள், சத்தமே இல்லை. திடீரென்று, "அன்னைக்கு நீ ஜன்னல்கிட்ட நின்னுட்டே" என்றார். எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது.

"அவ தேய்க்கறதை நிறுத்திட்டா. கையை எடுத்துட்டா. கண்ணை மூடிக்கிட்டா. அப்பறம் ஒரு முடி எழுந்துச்சு, சிவம். ஒண்ணே ஒண்ணு. நேரா நின்னுச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் படுத்துக்கிச்சு."

"காத்தா இருக்கும் மாஸ்டர்."

"ஓரமெல்லாம் ஒட்டி அடைச்ச சட்டம்லா. கண்ணாடியில சார்ஜும் இல்லை. நான் எல்லா வழியும் யோசிச்சுப் பார்த்துட்டேன்." தலையணையில் சாய்ந்துகொண்டார். "வாயைத் திறந்திருந்தா அவ அதை விட்டிருப்பாளா? சட்டத்தைக் கட்டிக்கிட்டே போய்ச் சேர்ந்திருப்பா. அதனால சொல்லலை. பார்த்ததைச் சொல்லாம விட்டது என் ஆயுசுல அது ஒண்ணுதான். அவகிட்ட எப்பவும் சொல்லாதே."

பாசாரிலிருந்து நேரே துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் பிடித்து, லோகாவிடம் மாஸ்டர் இறந்த செய்தியைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். வேலுவுக்கு அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம் அண்ணே. அன்னைக்கு மழையில அந்த ஒரு முடி நின்னுச்சே, அப்ப மாஸ்டர் மூஞ்சி எப்படி வெளுத்துப்போச்சு தெரியுமா?"

"நீ கண்ணை மூடிக்கிட்டல்ல இருந்தே?" என்றேன்.

"மூடின மாதிரி இருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு, நான் பார்த்துடக் கூடாதேன்னு. அதான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்." தரையிலிருந்து எழுந்துகொண்டே, "வேலு சொல்லிக்கிட்டுத்தான் போனான் அண்ணே. அது எனக்குப் போதும். மாஸ்டர்கிட்ட சொல்லியிருந்தா அவரு அதுக்கும் ஒரு காரணம் தேடிக்கிட்டு ராத்தூக்கம் கெட்டுப்போயிருப்பாரு" என்றாள்.

அவருடைய கோல்களும் பட்டுத் துணியும் பள்ளி அலமாரியில் இருக்கின்றன, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அந்த அறையில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தச் சத்தமற்ற நேரம். ஒரு மனிதர் தன் கொள்கையையே விட்டுக்கொடுத்து ஒருத்தியைக் காப்பாற்றினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அவரைக் காப்பாற்றினாள். இப்போதெல்லாம் மழை பெய்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.